சத்தம் அவருக்கு, காகிதம் எனக்கு

சென்ற திங்கட்கிழமை. புத்தாண்டுக் காலை. எங்கள் சபையில் ஆராதனை முடிந்து, வாக்குத்தத்தச் சீட்டு எடுக்கும் நேரம்.

என் முறை வந்தது. எழுந்து முன்னால் போய், கண்ணை மூடி, பித்தளைத் தட்டை நோக்கிக் கையை நீட்டினேன். விரல் வெறும் காற்றைத் தொட்டது. கண்ணைத் திறந்தால் — உபதேசியார் ஞானமுத்து தட்டைப் பின்னுக்கு இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார்!

"வாத்தியாரே... ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கணும்" என்றார்.

சபை முழுவதும் சிரித்தது. பெண்கள் பக்கத்தில் ஓர் அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். யார் என்று பார்த்தேன். என் மனைவி எஸ்தர்.

ஐம்பதைத் தொடப்போகிற ஒரு தலைமையாசிரியரைப் பார்த்து, அதுவும் ஆலயத்துக்குள், ஊரே சிரிக்க என்ன காரணம்? சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் திருத்தணியிலிருந்து வேறு யாராவது இந்தப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டுவிடுவார்கள். அவர்கள் எழுதினால் என்னைப் பற்றி இதைவிட மோசமாக எழுதுவார்கள்.

முதலில், எங்கள் வழக்கம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வேத வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகள். இரண்டாக மடித்திருக்கும். உள்ளே வசனம், ஓரத்தில் பூவோ கொடியோ ஏதோ ஒரு படம். புத்தாண்டன்று அவற்றைத் தட்டில் குவித்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று, பார்க்காமல் எடுக்கவேண்டும். எடுத்த வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உங்களுக்குத் தரும் வாக்கு. லாட்டரிச் சீட்டு மாதிரியா என்று கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன். உபதேசியார் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

இரண்டாவதாக, என் சுபாவம். வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்... எனக்குக் காத்திருக்க வராது. மணவூரில் ரயில் பத்து நிமிஷம் நின்றால் இறங்கிப்போய் டிரைவரிடம் காரணம் கேட்கிறவன் நான். கஞ்சி வடிப்பதற்குள் இலை போட்டு உட்கார்ந்துவிடுவேன். ஜெபத்தில் ஆமென் சொல்லுமுன்னே ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன் — கேட்டது வந்துவிட்டதா என்று.

எங்கள் ஊர் மலையில் வருஷக் கடைசி நாள் படித்திருவிழா. முந்நூற்று அறுபத்தைந்து படி. ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு பாட்டுப் பாடித்தான் அடுத்த படிக்குப் போவார்கள். பஜனை கோஷ்டிக்காரர் ஒருவரை ஒருமுறை நிறுத்திக் கேட்டேன்: "ஏன் ஐயா, ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டால் என்ன?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சீக்கிரமா மேல போயிட்டு, அப்புறம் அங்க குந்திகினு இன்னா சார் பண்றது?" என்றார். அவருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நகர்ந்துவிட்டேன்.

இப்படிப்பட்டவனுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து ஒரே சீட்டு வந்தால் எப்படி இருக்கும்? மூன்று வருஷமும் 'காத்திரு' என்ற வசனம்! மூன்றாவது தடவை, அதாவது போன புத்தாண்டில், தட்டில் இருப்பதெல்லாமே அந்த வசனம்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

எதற்குக் காத்திருந்தேன் என்றால்... சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நாற்காலிக்கு. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் ஓய்வு பெறவேண்டிய வயது தாண்டி மூன்று வருஷம். யுத்தகாலம், ஆள் கிடைக்கவில்லை, அதனால் அவரே இருக்கட்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவரும் இருந்தார். கை வைத்த பிரம்பு நாற்காலியில், இரண்டு கையையும் இரண்டு பக்கம் போட்டுக்கொண்டு, ஆனந்தமாக இருந்தார். நான் எதிரே முக்காலியில். இருபத்திரண்டு வருஷமாக அதே முக்காலி!

ஆக, போன புத்தாண்டு. ஆலயத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறேன். என் 'காத்திரு' சட்டைப்பையில். எழுத்துத் தெரியாதவர்கள் வழக்கப்படி என்னைச் சூழ்ந்துகொண்டு சீட்டை நீட்டுகிறார்கள். ஒவ்வொன்றாக வாங்கிப் படித்துச் சொல்கிறேன். கடைசியாக வந்தவர் ரூத்தம்மா.

ரூத்தம்மா ஸ்டேஷன் வாசலில் தோசைக்கடை வைத்திருக்கிறார். மலைக்கு வருகிற ஜனங்களுக்கு அவர் தோசைக்கல்தான் முதல் தரிசனம். அரிசிக்கு ரேஷன் வந்த பிறகு கேழ்வரகு தோசை. புருஷன் போய்விட்டார். ஒரே பிள்ளை தாவீது, லாரி டிரைவராகப் பட்டாளத்தில் சேர்ந்து கிழக்கு எல்லைப்பக்கம் போயிருந்தான். அன்றைக்கு அவனிடமிருந்து கடிதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"வாத்தியாரே, என்னுதுல இன்னா எழுதிகீது பாருங்க" என்று நீட்டினார்.

பிரித்தேன். 'தாமதமாகாது' என்ற வசனம்.

உரக்கப் படித்தேன். ரூத்தம்மாவின் முகம் அப்படியே மலர்ந்து, உடனே அழுகையாகக் கோணிக்கொண்டது. "தேவுடா!" என்று தெலுங்கில் கூப்பிட்டார். "இன்னொரு தபா படிங்க" என்றார். படித்தேன். மூன்றாவது தபாவும் படித்தேன். அவர் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவருக்கோ எழுத்துத் தெரியாது. வசனம் காதில் விழுந்துவிட்டது. மூன்று தடவை விழுந்துவிட்டது. இனி இந்த அட்டையில் என்ன இருந்தால் இவருக்கென்ன? சத்தம் அவருக்கு, காகிதம் எனக்கு! யாருக்கு என்ன நஷ்டம்?

என் கை சட்டைப்பைக்குப் போனது. 'தாமதமாகாது' உள்ளே போயிற்று. 'காத்திரு' வெளியே வந்தது. ரூத்தம்மா கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, சீட்டைப் பவ்யமாக மடித்து நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திருட்டு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இதுதான் ஆச்சரியம். படித்தவன் திருடினால் அதற்கு எத்தனை அழகான நியாயம் கிடைக்கிறது பாருங்கள்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுகிறேன். வாசலில் ரூத்தம்மா.

"வாத்தியாரே, அத்தக் கொஞ்சம் படிங்க. கேட்டுட்டுப் போறேன்."

சீட்டைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். கையில் கொடுக்கவில்லை. ஓரத்தை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சீட்டில் 'காத்திரு' என்று இருக்கிறது. நான் 'தாமதமாகாது' என்று படிக்கிறேன். இல்லாததைப் படிக்கிற பையன்களை இருபத்திரண்டு வருஷமாகப் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான்!

"ஆங்" என்றார் ரூத்தம்மா. போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்ததும். வாராவாரம். நான் படிப்பேன், அவர் "ஆங்" என்பார். சீட்டின் ஓரத்தை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. பக்தி, சீட்டின் மேல் அத்தனை மதிப்பு, என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சு மாதம் வந்தது. பெரிய வாத்தியாருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. சில வாரத்தில் எதிரே நிற்கிற ஆள் யார் என்றே தெரியாமல் போய், அவரே எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். என்னைத் தலைமையாசிரியராகப் போட்டார்கள்.

மூன்று வருஷம் காத்திருந்து வராதது மூன்று மாதத்தில்! தாமதமாகவில்லை! சட்டைப்பையைத் தட்டிக்கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் இரண்டு பக்கம் போட்டேன். அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல... ஐந்து நிமிஷம் இருக்கும்.

ஆறாவது நிமிஷம் முதல் கடி.

இருபது வருஷத்து மூட்டைப்பூச்சி அந்தப் பிரம்புப் பின்னலுக்குள் குடும்பம் குடும்பமாக இருந்தது. பெரிய வாத்தியார் அத்தனை வருஷம் ஆனந்தமாகத்தான் உட்கார்ந்திருந்தாரா, அல்லது ரத்தமில்லாமல் எழுந்திருக்கமுடியாமல் உட்கார்ந்திருந்தாரா? வெயிலில் போட்டேன். வெந்நீர் ஊற்றினேன். சீமெண்ணெய் கேட்டேன், ரேஷனில் விளக்குக்கே இல்லை என்றாள் எஸ்தர். பூச்சிகள் சளைக்கவில்லை.

பூச்சிகூடப் பெரிதில்லை. கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தபோது ஒரு நினைப்பு வந்தது பாருங்கள்... அதுதான் உண்மையான கடி. சீட்டு பலித்துவிட்டதே! காகிதம் என்னிடம் இருந்தது, எனக்குப் பலித்தது. அப்படியென்றால் ரூத்தம்மாவிடம் இருக்கிற காகிதம்? அவர் பிள்ளைக்குரிய 'தாமதமாகாது' என்கிற வாக்கை ஒரு நாற்காலிக்குச் செலவழித்துவிட்டேனா?

ஸ்டேஷன் பக்கம் போகும்போதெல்லாம் என்னையறியாமல் அவர் கடையைப் பார்ப்பேன். தபால்காரர் முனுசாமி கடைக்கு முன்னால் சைக்கிளை மெதுவாக விடுவார். ரூத்தம்மா தோசைத் திருப்பியோடு நிமிர்வார். முனுசாமி தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். கல்லில் தோசை கருகும். பத்து மாதம் ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. எனக்கு அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை.

சீட்டை மாற்றி வைத்துவிடலாம் என்று முதலில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நீட்டும்போது, "வெளிச்சம் போதவில்லை, கொடுங்கள் ரூத்தம்மா, ஜன்னலோரம் வைத்துப் பார்க்கிறேன்" என்றேன். அவரும் கூடவே ஜன்னலோரம் வந்தார், விரலை எடுக்காமல். மூக்குக் கண்ணாடி இல்லை என்றேன். எஸ்தர் உள்ளேயிருந்து கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். மற்ற நாளில் சீட்டு இருப்பது சுருக்குப்பையில். சுருக்குப்பை இருப்பது இடுப்பில். ஸ்டேஷன் வாசலில், பட்டப்பகலில், தோசை தின்னும் ஜனங்களுக்கு நடுவே ஒரு தலைமையாசிரியர்... வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ஆகவே ஜெபம். தினம் காலையில் தாவீதுக்காக ஜெபித்தேன். உள்ளதைச் சொல்கிறேன்: ஆரம்பத்தில் அது அந்தப் பிள்ளைக்காக இல்லை, எனக்காகத்தான். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எப்படி இந்த ஊரில் முகத்தைக் காட்டுவேன் என்ற பயம். ஆனால் பயத்தில் ஆரம்பித்த காரியமும் தினமும் செய்தால் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. அவன் என் வகுப்பில் படித்தபோது, பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழாம் வாய் வந்தால் பாட்டாகப் பாடிவிட்டு எட்டாம் வாய்க்குத் தண்ணீர் குடிக்கக் கேட்டு ஓடிவிடுவான். அது ஒருநாள் ஞாபகம் வந்தது. இன்னொரு நாள் அவன் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஆடி மாதம் ஒரு காலையில் ஆமென் சொல்லி எழுந்த பிறகுதான் கவனித்தேன்... எனக்கென்று அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை! இரண்டு கண்ணையும் மூடியே வைத்திருந்திருக்கிறேன்!

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் அலைமோதி ஓய்ந்த வாரம், ரூத்தம்மா வழக்கம்போல் வந்தார். கையில் ஒரு தூக்கு. உள்ளே அதிரசம்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"சும்மாத்தான் வாத்தியாரே. வெல்லம் கெடச்சுது" என்றார். முகம் என்னவோ தொங்கித்தான் இருந்தது. இத்தனை துக்கத்திலும் எனக்கு இனிப்புக் கொடுக்கிறாரே என்று கடித்த அதிரசத்தைக் கீழே வைத்துவிட்டேன். சமையலறையில் எஸ்தர் இருமிக்கொண்டே இருந்தாள். புகை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சொல்லிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஆனால் நேரே போய்ச் சொல்ல எனக்கு ஏது தைரியம்? படித்திருவிழாக்காரர் மாதிரிதான் ஏறினேன்... படிக்குப் படி நின்று.

முதல் படி, ஆண்டவரிடம் சொன்னது. இது சுலபம். அவருக்கு ஏற்கெனவே தெரியும். எதிர்த்துக் கேள்வி கேட்கவும் மாட்டார். இந்தப் படியிலேயே மூன்று வாரம் சௌகரியமாக நின்றேன்.

இரண்டாவது, எஸ்தரிடம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கீரையை அப்படியே போட்டுவிட்டு மார்பில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாங்க இது! ஐயையோ! நீங்களா! ஒரு வாத்தியாரு பண்ற வேலையாங்க!" என்றாள். அவ்வளவு ஆச்சரியத்தை எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மூன்றாவது, உபதேசியார். முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். "நீங்க ஒத்துகினது நல்லதுதான். ஆனா சொல்லவேண்டிய ஆளு நான் இல்லியே" என்றார். வாசல்வரை வந்தவர், குரலைத் தாழ்த்தி, "வாத்தியாரே... அந்தச் சீட்டு இப்ப உங்ககிட்டதான் கீதா? காட்டுங்களேன், ஒரு தபா பாத்துக்கறேன்" என்றார். பாவம், அவருக்கும் ஏதோ ஒரு நாற்காலி வேண்டியிருக்கும்.

நான்காவது படிக்கு முன்னால் நான் நின்ற நேரத்தில் மலையில் நூறு பாட்டுப் பாடியிருக்கலாம். புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. நல்ல மழை. இன்றைக்கு வரமாட்டார் என்று நிம்மதியாக இருந்தேன். கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ரூத்தம்மா வந்து வாசலில் நின்றார். சேலை முழங்கால்வரை சேறு. சுருக்குப்பையிலிருந்து சீட்டை எடுத்து, நனையாமல் கையால் மறைத்து, ஓரத்தைப் பிடித்து நீட்டினார். பத்து மாதத்துக்கு மேல், நாற்பத்தாறு ஞாயிறு நீட்டி நீட்டி அந்த அட்டை துணிமாதிரி ஆகியிருந்தது.

எனக்கு 'தாமதமாகாது' வாயில் வரவில்லை. இந்த மழையில், இந்தச் சேற்றில், நான் சொல்லும் பொய்யைக் கேட்க ஒரு தாய் வந்து நிற்கிறாள்.

"'காத்திரு'" என்று படித்தேன்.

நான் தலையைத் தூக்கவில்லை.

"ஆங்" என்றார் ரூத்தம்மா. "இப்பத்தான் சரியாப் படிக்கிறீங்க."

தலையைத் தூக்கினேன்.

"என் சீட்டுல மூணு பூவு இருந்துச்சு வாத்தியாரே. சேப்புப் பூவு. தட்டுலேர்ந்து எடுத்து, தொறந்து பாத்துட்டுத்தானே ஒங்ககிட்ட கொண்டாந்தேன்? நீங்க திருப்பிக் குடுத்ததுல வெறுங் கொடி. பூவும் இல்ல, காயும் இல்ல. எனக்கு எழுத்துதான் தெரியாது. பூவு கூடவா தெரியாது?"

ஓரத்தில் பூவோ கொடியோ ஏதோ ஒரு படம் என்று மேலே எழுதினேனே... அந்த லட்சணத்தில்தான் நான் பார்த்திருந்தேன். அவரோ நான் பார்க்காததை மட்டுமே பார்த்திருக்கிறார்.

"அப்பவே தெரியுமா ரூத்தம்மா? பின்னே ஏன் ஒரு வார்த்தை கேட்கல?"

"கேக்கணும்னுதான் இருந்தேன். தை மாசம் பூரா ஒங்க மேல கோவம். ஒரு நாளு தோசத் திருப்பியோட ஒங்க தெரு மொனை வரிக்கும் வந்துட்டு, திரும்பிப் போயிட்டேன். மாசியில ஆண்டவர் மேல கோவம். இந்த ஆளு கைல மாட்டி வுட்டுட்டியேன்னு. பங்குனி பூரா அழுதுகினே இருந்தேன். நீங்க நாக்காலில குந்திகினீங்கன்னு கேள்விப்பட்டப்போ வயிறு எரிஞ்சுது. சித்திரையிலதான் ஒரு நாளு மாவு கரைச்சுகினு இருக்கறப்ப யோசன வந்துச்சு. தாமதமாகாதுன்னு சொன்னது ஆண்டவரா, அட்டையா? அட்டைன்னா, அது ஒங்க ஜோப்புக்குப் போயிட்டுது, அத்தோட முடிஞ்சுது. ஆண்டவர்னா... அவரு ஒங்க ஜோப்புல அடங்குவாரா?"

என் கை சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது.

"அன்னிக்கு நல்லாத் தூங்கினேன். மறுநா மறுபடியும் பயந்தேன். அப்புறம் ரெண்டு நாளு தூங்கினேன். அப்பிடித்தான் வாத்தியாரே, கொஞ்சங் கொஞ்சமா. ஒரே நாள்ல வந்துடல. இப்பவும் முழுசா வந்துட்டுதுன்னு சொல்லமாட்டேன்."

"அப்புறம் ஏன் வாராவாரம் இங்க வந்தீங்க?"

"மொதல்ல எனக்காவ வந்தேன். பொய்யோ நெசமோ, ஒங்க வாயால அத்தக் கேக்கறப்ப மனசுக்கு இதமா இருந்துச்சு. ஆடிக்கு அப்புறம்தான் ஒங்களுக்காவ வந்தேன்."

"ஆடிக்கு அப்புறமா? ஆடியில என்ன?"

"தாவீது லெட்டர் வந்துட்டுது இல்ல?"

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

அஸ்ஸாமில் ஆஸ்பத்திரியில் இருந்து எழுதியிருக்கிறான். லாரி பள்ளத்தில் உருண்டு கால் முறிந்திருக்கிறது. மலைப்பாதை, மழை, எத்தனையோ மாதம் கடிதம் போக வழியில்லை. பிழைத்துவிட்டான். முனுசாமி படித்துச் சொல்ல, அவரிடமும், சீட்டு விஷயத்தைச் சொல்லி எஸ்தரிடமும் மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டு ரூத்தம்மா விஷயத்தை அமுக்கிவிட்டார். அந்த அதிரசம் அதற்குத்தான்! தொங்கின முகம் நடிப்பு! சமையலறை இருமலும் அதற்குத்தான்!

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், ஒளிப்பானேன்? அவன் இருக்கிறான் என்கிற ஒரு நினைப்பு மட்டும்தான் மனசில் இருந்தது. நாலு மாதமாக ஏமாற்றிவிட்டார்களே என்கிற கோபம் அடுத்த நிமிஷம்தான் வந்தது.

"நாலு மாசமா! நான் சாப்பிடாம இளைச்சுப் போனது உங்க ரெண்டு பேருக்கும் கண்ணுல படலையா?" என்று கத்தினேன்.

எஸ்தர் கதவோரம் வந்து நின்றாள். "பட்டுது. கொஞ்சம் இளைச்சா நல்லதுதான்னு வுட்டுட்டோம்" என்றாள்.

"எழுத்து எழுத்தாக் கூட்டித்தானே நீங்க புள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லித் தர்றீங்க?" என்றார் ரூத்தம்மா. "அதான், ஒங்களுக்கும் டைம் குடுத்தேன்."

சட்டைப்பையிலிருந்து மூன்று பூச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். துணியாய்ப்போன கொடிச் சீட்டை என் கையில் வைத்தார். முதல் தடவையாக ஓரத்திலிருந்து விரலை எடுத்தார்.

"இது ஒங்களுது. பத்து மாசம் நான் தண்ணி ஊத்தி வச்சிகினு இருந்தேன். இனிமே நீங்க ஊத்துங்க."

ஐந்தாவது படி ஒன்று இருந்தது. அதில் உபதேசியார் பிடித்து ஏற்றிவிட்டார் — சபைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்வது. சொன்னேன். அன்றிலிருந்து வேப்பமரத்தடியில் சீட்டோ கடிதமோ படிக்கச் சொல்லி யார் வந்தாலும், முதலில் என் கை இரண்டையும் முன்னால் நீட்டச் சொல்கிறார்கள்.

இந்த ஒரு வருஷத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆண்டவரை நம்புவது என்றால் ஒருநாள் காலையில் எழுந்ததும் மொத்தமாக வந்து சேரும் என்று நினைத்திருந்தேன். அப்படி யாருக்கும் வருவதாகத் தெரியவில்லை. ரூத்தம்மாவுக்கே தையிலிருந்து சித்திரை வரை ஆகியிருக்கிறது, நடுவில் தோசைத் திருப்பி வேறு! என்னைப்போன்ற ஆளுக்கு எத்தனை சித்திரை ஆகுமோ? ஆனால் முன்போல் அவசரமில்லை. உண்மையில் கொஞ்சம் அவசரம் இருக்கிறது... முன்போல் இல்லை என்றுதான் சொன்னேன்.

தாவீது கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தான். ஒரு கால் சற்றுக் குட்டை, சிரிப்பு அதேதான். ரூத்தம்மா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் எழுதப்போவதில்லை. எனக்கு எழுத வராது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பார்க்க வந்தான். பிரம்பு நாற்காலியைத் துடைத்து, "உட்காரப்பா, இது உனக்குச் சேரவேண்டியது" என்று தோளை அழுத்தி உட்காரவைத்தேன்.

ஐந்து நிமிஷம் பேசியிருப்பான். துள்ளி எழுந்தான். "லடாயில கூட இப்பிடிக் கடிக்கலீங்க, சார்!" என்றான்.

இனி சென்ற திங்கட்கிழமைக்கு வருகிறேன். சபையில் சிரிப்பு அடங்கிய பிறகு உபதேசியார் தட்டை மறுபடி நீட்டினார். ஒன்றே ஒன்று எடுத்தேன். பிரிக்கவில்லை. நேரே பெண்கள் பக்கம் போய், ரூத்தம்மா கையில் கொடுத்தேன். "நீங்களே வச்சுக்குங்க" என்றேன்.

அவர் பிரித்து, தள்ளிப் பிடித்து, படத்தை மட்டும் நன்றாகப் பார்த்தார். "கொடிதான். நுனியில ஒரு மொட்டு கீது" என்றார்.

"எழுத்து? என்ன எழுத்து?"

"எனக்கு இன்னா தெரியும்? வருசக் கடைசியில கொண்டாந்து தர்றேன். படிச்சுச் சொல்லுங்க." சீட்டு சுருக்குப்பைக்குள் போயிற்று.

இன்றோடு ஒரு வாரம் ஆகிறது. இன்னும் ஐம்பத்தொரு வாரம் பாக்கி. கை அரிக்கிறது... இந்தத் தடவை மூட்டைப்பூச்சி இல்லை.